அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

கேசட்டின் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஆகும்மா, அவசரப்படுத்த முடியாது, டேப் ஓடுகிற வேகத்தில்தான் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும் என்று அன்வர் பாய் சொல்கிறார். எனக்குப் போய்ச் சொல்கிறார். இந்த வேகத்தோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். கடை முழுக்கக் கல்யாணங்கள். அலமாரியில் அடுக்கிய கேசட்டுகளின் முதுகில் ஜோடி ஜோடியாகப் பெயர்கள், இவற்றில் எத்தனை ஜோடி இன்னும் பேசிக்கொள்கிறதோ. கரூர் வெயில் கண்ணாடிக் கதவுவரை வந்து நிற்கிறது. உள்ளே மின்விசிறியும் பசை வாசனையும். பாய் சத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த மேஜையில் யாரோ ஒரு தாத்தாவின் படத்துக்குச் சட்டம் ஒட்டுகிறார். "ஹெட்போன் வேணுமாம்மா?" என்றார். "வேண்டாம் பாய், எனக்கு மனப்பாடம்" என்றேன். திரையில் எங்கள் ஆசிரமத்து ஐயாவின் குரல் பச்சைக் கோடுகளாக எழும்பி எழும்பி அடங்குகிறது. சத்தம் மிஞ்சினால் நுனி சிவக்கும் என்றார். அப்படியானால் இந்தப் பக்கத்தில் நாற்பதாவது நிமிஷம் சிவக்கும், அது எனக்குத் தெரியும். கடிகாரத்தில் பதினொன்றேகால். பன்னிரண்டு மணிக்குச் சுகந்தி வருவாள். வந்து, "பெரியம்மா, எங்கம்மா பேசுனது இருக்குதுங்களா?" என்று கேட்பாள். இருக்கிறது கண்ணு என்று சொல்லலாம். பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது என்றும் சொல்லலாம், இருபத்தோரு வருஷத்து டேப், யார் இல்லை என்பார்கள். போன புதன்கிழமை அவள் வந்து கேட்டபோது தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது, எந்த அட்டைப்பெட்டியில் எத்தனையாவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேனே.

அந்தக் குரல். சத்தமில்லாமல் பார்க்கும்போதுகூட அந்தக் கோடுகளில் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவது தெரிகிறது. ஒரு வாக்கியம், பிறகு ஒரு மௌனம், அந்த மௌனத்தில் நாமே போய் விழுவோம். நான் விழுந்தேன், அதற்காக இன்றைக்கும் கைகூப்பத்தான் தோன்றுகிறது. என் பையன் முரளி போனது பதினாறு வயதில், மூளைக் காய்ச்சல், நாலே நாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழாதே அழாதே என்றார்கள், விதி என்றார்கள், என் நாத்தனார் போன ஜென்மம்வரை போய்க் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஆபீஸில் டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் 'மு' என்ற எழுத்தை அடிக்கக் கை வராது, முதன்மை, முன்னிட்டு, முடிவு, சர்க்கார் கடிதத்தில் எங்கே பார்த்தாலும் 'மு'. யாரோ ஆற்றங்கரை ஆசிரமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐயா என் தலையில் கைவைத்து, "அழாதேன்னு சொல்ல மாட்டேன். அழுதுட்டே எழுது" என்றார். ஒரு டேப் ரிக்கார்டரையும் நோட்டையும் கொடுத்து, என் பேச்சையெல்லாம் எழுத்தாக்கு என்றார். எழுதினேன். அழுதுகொண்டேதான். ஆறு மாசத்தில் 'மு' வந்துவிட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத ஒரு வார்த்தை அவருக்குத் தோன்றியது, நான் பிழைத்தேன். அது பொய்யில்லை. பேப்பரில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து இரண்டு மாசமாக நான் தூக்கமில்லாமல் புரள்வதும் அதனால்தான். அவர் அப்படிப்பட்டவர் என்றால் அந்தக் கை எப்படிப்பட்டது. அந்தக் கை பொய் என்றால் நான் பிழைத்ததும் பொய்யா. வீட்டு அஸ்திவாரத்தில் ஒரு செங்கல் சரியில்லை என்று யாராவது சொன்னால் மேலே குடியிருக்கிறவள் உடனே குனிந்து பார்ப்பாளா, சொன்னவள் வாயைத்தானே முதலில் பார்ப்பாள். நானும் சுகந்தியின் வாயைத்தான் பார்த்தேன்.

பதினொன்று முப்பத்திரண்டு. இப்போது ஐயா கர்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் ஒரு இருமல் வரும், இதோ, ஒற்றைக் கோடு. அந்த இருமலை எழுத்திலிருந்து எடுத்தவள் நான்தான். முதலில் இருமல்தான் எடுத்தேன். பிறகு ஏப்பம், 'அதாவது', 'என்ன நான் சொல்றது'. அப்புறம் திட்டு. ஐயா நன்றாகத் திட்டுவார், கூட்டத்தில் எழுப்பி நிறுத்தித் திட்டுவார். பெரிய டாக்டர் ஒருவரைச் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று சுற்று வரச் சொன்னார், டாக்டர் சுற்றினார், கண்ணில் நீரோடு நன்றி சொன்னார். அகங்காரத்தை உடைக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். யாருக்கு உடைக்கிறார், எதற்கு உடைக்கிறார் என்று கேட்டால் கேட்கிறவளுக்கு இன்னும் உடையவில்லை என்று அர்த்தம். இது ரொம்ப வசதியான ஏற்பாடு, உள்ளே வர வாசல் உண்டு, வெளியே போக நினைத்தால் அதுவும் உள்ளேதான் கொண்டுவந்து விடும். குருவிடம் குறை தெரிந்தால் உன் கண்ணைக் கழுவு என்பார் செயலர் நல்லசிவம், நாங்களும் கழுவிக் கழுவிப் பார்த்தோம். திட்டை அப்படியே அச்சில் போட முடியாதே, வெளியூர்க்காரர்கள் படிப்பார்கள். திட்டு இருந்த இடத்தில் என்ன போடுவது என்று ஒருநாள் யோசித்தேன். திட்டு வாங்கியவரைத் தவிர மற்ற எல்லோரும் சிரிப்பார்கள், அது டேப்பில் இருக்கிறது, அது பொய்யில்லை. ஆகவே திட்டை எடுத்துவிட்டு அடைப்புக்குறி போட்டு சிரிப்பு என்று எழுதினேன். (சிரிப்பு). எவ்வளவு அழகாக இருந்தது பக்கம். படிக்கிறவர்கள், ஐயாவுக்கு என்ன நகைச்சுவை, கூட்டமே குடும்பம் மாதிரி இருக்கிறதே என்று கடிதம் எழுதினார்கள். ஐயாவே கூப்பிட்டு, "உன் கை என்னை என்னைவிட நல்லவனா ஆக்குது" என்றார். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் அன்றைக்குச் சொன்னது பட்டவர்த்தனமான உண்மை என்று இப்போதுதானே படுகிறது.

கைப்பையில் போன் அதிர்கிறது. நல்லசிவம்தான். எடுக்காமல் விட்டால் மறுபடி அடிப்பார், காது கேட்காத கிழவிக்குப் போன் செய்கிற பொறுமை அவருக்கு உண்டு. எடுத்தேன். "அக்கா, நல்லாருக்கீங்களா? முட்டிவலி எப்படியிருக்கு?" என்றார். பரவாயில்லை என்றேன். "ஒரு மணிக்கு வீட்டுக்கு வண்டி அனுப்பறேன் அக்கா. பழைய ஒரிஜினல் கேசட் எல்லாத்தையும் டிரைவர்கிட்ட குடுத்துருங்க. ஐயாவோட குரலைப் பத்திரப்படுத்தணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க." இத்தனை வருஷம் என் பரணில் பத்திரமாகத்தானே இருந்தது நல்லசிவம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "பேப்பர்ல பார்த்திருப்பீங்க" என்றார் அவரே. பார்த்தேன். சுகந்தியும் இன்னும் இரண்டு பெண்களும் ஐயாமேல் மனு கொடுத்ததும், அதற்கு ஆசிரமம் சொன்ன பதிலும். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருவர்கூட ஒரு குறையும் சொன்னதில்லை, அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தார்கள். "நீங்க இருந்தீங்களே அக்கா, எல்லா சத்சங்கத்துலயும் முன்வரிசையில. யாராச்சும் என்னிக்காச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவருக்குத் தெரியாது, பாவம், அவர் என் புத்தகத்தை வைத்துத்தான் பேசுகிறார். ஐந்து பதிப்பு வந்த புத்தகம், அதில் எந்தப் பக்கத்திலும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "ஐயாவுக்கு எண்பத்து மூணு வயசாச்சு அக்கா. நம்மையெல்லாம் காப்பாத்துனவரு. இப்ப நாமதான் காப்பாத்தணும்" என்றார். ஆமாம் என்றேன். ஆமாம் என்று என் வாய்தான் சொன்னது. போனை உள்ளே வைத்தபோது பாய் நிமிர்ந்து பார்த்து, "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

டீ வந்தது, சர்க்கரை கூட. நாக்கில் பட்டதும் அந்த நாட்களின் வாய்ப்புண் ஞாபகம் வருகிறது. முரளி போன வருஷம் எனக்கு வாய் முழுக்கப் புண், பச்சைத் தண்ணீர்கூட எரியும். ஐயா தலையில் கைவைத்தது ஒரே ஒரு நிமிஷம். மற்ற நேரமெல்லாம்? அதை நான் யோசித்ததே இல்லையே. சனி ஞாயிறு ஆசிரமத்தில் தங்கி எழுதுவேன், ஒரு வாய் இறங்காது. சமையல்கட்டிலிருந்து நாச்சம்மா வருவாள், சுகந்தியின் அம்மா, என்னைவிடப் பத்து வயது சின்னவள். புருஷன் விட்டுப்போனபிறகு மகளோடு வந்து ஆசிரமத்தில் அடுப்படியே கதி என்று கிடந்தவள், சம்பளம் கிடையாது, சேவை. ஒரு டம்ளரில் ரசம் கொண்டுவருவாள், எனக்கென்று மிளகும் மிளகாயும் போடாமல் தனியாக வைத்தது, வெறும் சீரகமும் பருப்புத் தண்ணீரும். "காரமே போடலீங்கக்கா. ஒரு மடக்கு குடிங்க. அப்பறமா எளுதலாம்" என்பாள். குடித்து முடிக்கும்வரை நிற்பாள். முரளியைப் பற்றிக் கேட்பாள், என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான் என்று. ஆறு மாசமாக எல்லோரும் மறக்கச் சொன்ன பிள்ளையைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரே ஆள். நான் 'மு'வை அடிக்க ஆரம்பித்தது ஐயாவின் வாக்கியத்தாலா, நாச்சம்மாவின் ரசத்தாலா. இரண்டாலும்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நன்றியை எல்லாம் நான் ஒரே விலாசத்துக்குத்தான் அனுப்பினேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஐயாவின் பாதங்களில் சமர்ப்பணம் என்று போட்டேன். ரசம் வைத்தவள் பெயரைக் கடைசிப் பக்கத்தில்கூடப் போடவில்லை, போட வேண்டும் என்று தோன்றவுமில்லை.

பதினொன்று ஐம்பது. இன்னும் ஐந்து நிமிஷம். அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான், கூடத்தில் நூறு பேர் இருப்போம், மைக்குக்கு ஒரு முழ தூரத்தில் ரிக்கார்டரோடு நான். கேள்வி நேரத்தில் பின்னாலிருந்து நாச்சம்மா எழுந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். அவள் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை, சமையல்கட்டுக்காரர்கள் கேட்கும் வழக்கம் இல்லை. ஐயா மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கும்போது கால் பிடித்துவிட ஒரு பெண் மாடிக்குப் போகும், அது பெரிய பாக்கியம், யார் பெண்ணுக்கு அழைப்பு வந்தாலும் மற்ற தாய்மார்களுக்கு வயிறு எரியும். அந்த வருஷம் சுகந்திக்கு வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. பதினாறு. முரளி போன வயது. இதை நான் இன்றைக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நினைக்கிறேன் என்றால் அன்றைக்கு எங்கே போயிருந்தேன், ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்காக வருஷக்கணக்காக அழுதவள். நாச்சம்மா என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐயா என்ன பதில் சொன்னார் என்றும் தெரியும், ஊருக்கே தெரியும், அது என் கைவண்ணத்தில் காலண்டரில்கூட வந்தது. அடுப்பருகே இருப்பவனுக்கு எங்கும் புகைதான் தெரியும். புத்தகத்தில் மனத்தின் புகை என்று ஒரு தனி அத்தியாயம். கேள்வி இல்லாமல் பதில் நிற்காதே, அதனால் கேள்வியை நானே எழுதினேன். 'ஐயா, மனம் ஏன் எதையும் சந்தேகிக்கிறது?' ஒரு அன்பர் கேட்டார் என்று போட்டேன். நாச்சம்மா அடுத்த மாசம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், வெள்ளக்கோயில் பக்கம் ஏதோ ஓட்டலில் வேலை என்றார்கள். நன்றிகெட்டவள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். நானும்தான் சொன்னேன், அவள் ரசம் வயிற்றில் இருக்க. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் செத்துப்போனது சுகந்தி சொல்லித்தான் தெரியும். புதன்கிழமை வந்தபோது அந்தப் பெண் என்னைக் குற்றம் சொல்லவேயில்லை. "அம்மா கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும் பெரியம்மா. ஆனா யாரும் நம்ப மாட்டீங்கறாங்க. நீங்கதான் டேப் போட்டுட்டு இருந்தீங்கன்னு அம்மா சொல்லும்" என்றாள். போகும்போது காலில் விழுந்தாள். நான் விழுந்திருக்க வேண்டும்.

"பாய், அந்த ஹெட்போனைக் குடுங்க" என்றேன். மனப்பாடம் என்றீர்களே என்று அவர் கேட்கவில்லை, துடைத்துக் கொடுத்தார். காதில் கூடத்தின் இரைச்சல், ஒரு குழந்தை சிணுங்குகிறது, நாச்சம்மா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. என்ற புள்ளைய மாடிச் சேவைக்குக் கூப்புடறீங்க. அவ பயப்படறாளுங்க. திரும்பி வந்து பேசறதேயில்லீங்க, சோறும் திங்கறதில்லீங்க. இனிமே நான் அனுப்பறதில்லீங்க. அனுப்பலீன்னா பாவங்களா?" யாராச்சும் சொன்னாங்களா என்றீர்களே நல்லசிவம், இதோ எவ்வளவு தெளிவான, ஒரு வார்த்தையைக் கூடக் குறைக்க வேண்டாத, இருமல்கூட இல்லாத கேள்வி. ஐயாவின் மௌனம். அந்த மௌனத்தில் நான் இந்தத் தடவை விழவில்லை, விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாச்சம்மா, அடுப்புகிட்டயே கெடக்கறவளுக்கு எங்க பார்த்தாலும் பொகையாத்தான் தெரியும்." திரை சிவந்தது. நூறு பேர் சிரித்தார்கள். ஆனால் நூறு பேருக்கு முன்னால் ஒரு சிரிப்பு வருகிறது, மைக்குக்கு ஒரு முழ தூரத்திலிருந்து, மூக்கில் ஆரம்பித்து மேலே போகிற சிரிப்பு. என் அம்மா, பொட்டப்புள்ள இப்படிச் சிரிக்கலாமா என்று கிள்ளுவாளே, அந்தச் சிரிப்பு. கூடம் அதைக் கேட்டுத்தான் சிரிக்கிறது. இத்தனை வருஷமும் அடைப்புக்குறிக்குள் நான் பூட்டிவைத்தது கூட்டத்தின் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐயா ஓம் சொல்கிறார், எல்லோரும் சொல்கிறார்கள். இந்த இடத்தில் நிறைவு என்று டைப் அடித்துவிட்டு நிறுத்திவிடுவேன், இதற்கு மேல் கூடத்துப் பாய்களைச் சுருட்டுகிற சத்தம்தான். டேப் தானாக நிற்கும்வரை அணைக்கக்கூடாது என்பது ஐயாவின் கட்டளை, கடைசியில் ஏதாவது அருள்வாக்கு சொன்னாலும் சொல்வார் என்று. ஹெட்போனைக் கழற்றப்போனேன். கால் சத்தங்கள். கொலுசில்லாத ஒரு நடை வந்து பக்கத்தில் நிற்கிறது. மிக அருகில், என் காதுக்குள்ளேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குரல். "அக்கா, உங்களுக்குத் தனியா ரசம் எடுத்து வெச்சுருக்கறனுங்க. காரம் போடலீங்க. ஆறிப்போயிரும், வாங்க." அதற்குப் பதிலாக ஒரு "ம்". நிமிர்ந்துகூடப் பார்க்காதவளின் "ம்". பிறகு டக்கென்று டேப் நின்றது.

அழுதேன் என்று சொல்ல வேண்டியதில்லை, பாய் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார், நல்ல மனுஷர். பயம் இருந்தது, இரண்டு மாசமாக இருந்த பயம். அந்த 'ம்'க்குப் பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் பிழைத்தது பொய்யில்லை. ஒருத்தி காரமில்லாமல் ரசம் வைத்தாள், அதனால் பிழைத்தேன், அவள் வைத்தது உண்மை, இதோ ஆதாரம். ஐயா சொன்ன அந்த வார்த்தையும் என்னிடமே இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அதற்கு இன்னொருத்தி பிள்ளை விலையாக முடியாது. நாச்சம்மா, உனக்கு நான் நன்றி சொன்னதேயில்லை. இப்போது சொல்கிறேன், எட்டு வருஷம் தாமதமாக, ஒரு வீடியோ கடையில் உட்கார்ந்துகொண்டு. கேசட்டின் அட்டையில் என் பழைய கையெழுத்தில் மனத்தின் புகை என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, நாச்சம்மாள் கேட்டது என்று எழுதினேன். கைப்பையில் நல்லசிவம் மறுபடி அதிர்ந்துகொண்டிருந்தார், அதிரட்டும், ஒரு மணி வண்டி வெறும் வண்டியாகவே திரும்பட்டும்.

கதவைத் திறந்துகொண்டு சுகந்தி வந்தாள், வெயிலில் முகம் கறுத்து, முப்பத்தேழு வயதுக்கு நரை அதிகம். உட்காரக்கூட இல்லை. "இருக்குதுங்களா பெரியம்மா?" என்றாள். இருக்குது கண்ணு என்றேன். "உங்கம்மா கேட்டதுக்கப்புறம் ஒரு சிரிப்பு வரும். எல்லாருக்கும் முன்னாடி சிரிக்கறது நான்தான். அதையும் கேளு. எங்க வேணாலும் வந்து நான்தான்னு சொல்றேன். ஆனா அந்த எடத்துல நிறுத்திடாத, கடைசி வரைக்கும் கேளு." ஹெட்போனை நானே அவள் காதில் மாட்டிவிட்டேன். பாய் வந்து அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தைத் திருப்பி வைத்தார். பச்சைக் கோடுகள், சிவப்பு, சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள், மறுபடி பச்சை, பிறகு வெகுநேரம் சின்னச் சின்னப் புள்ளிகள். எட்டு வருஷமாகக் கேட்காத குரல் அவளுக்குள் போவதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கு ரசம் குடிச்சீங்களா பெரியம்மா?" என்றாள்.

"குடிச்சேன் கண்ணு" என்றேன்.